கையால் எழுதிவைத்த கவிதைகள் – ஒரு கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அச்சு வரலாறு பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இங்கிலாந்தில் 1695-இல், அச்சிட முன்அனுமதி கேட்கவைத்த உரிமச் சட்டம் காலாவதியானதும் அச்சகங்கள் பெருகின, 18-ஆம் நூற்றாண்டு முழுக்க அச்சின் காலம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த சூட்டில் இணையத்தில் துழாவியபோது ஓர் அமெரிக்க நூலகம் ஏற்றியிருந்த பழைய நோட்டுகள் கண்ணில் பட்டன. எல்லாம் அதே நூற்றாண்டு. பக்கம் பக்கமாகக் கையால் எழுதிய கவிதைகள். அவற்றில் சில, அப்போதே அச்சில் கிடைத்த, அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞரின் கவிதைகள்.

கடையில் புத்தகம் கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதினார்கள்? அச்சில் இல்லாத எதாவது இந்த நோட்டுகளில் உண்டா? என் அக்கா கல்லூரியில் படிக்கும்போது சினிமாப் பாட்டுகளை நோட்டில் எழுதி, ஓரத்தில் பூ ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதையெல்லாம் இலக்கியம் என்று ஆராய்வது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தவறாக நினைக்க ஒன்றுமில்லை. முதலில் விலையைப் பார்த்துவிடலாம். அச்சு பெருகியது உண்மை, ஆனால் புத்தகம் எல்லார் கைக்கும் எட்டிவிடவில்லை. தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற கல்லறை இரங்கற்பா 1751-இல் சில தாள்கள் கொண்ட சிறு வெளியீடாக வந்தபோது விலை ஆறு பென்ஸ். நாட்டுப்புறக் கூலிக்காரர் ஒருவர் அன்றைக்கு நாள் முழுக்க உழைத்தால் ஏறக்குறைய ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ். ஒரே ஒரு கவிதைக்கு அரைநாள் கூலி. பைண்டு செய்த தொகுப்புகளின் விலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் விலையை மட்டும் காரணமாகச் சொன்னால் கதை பாதியில் நின்றுவிடும். இந்த நோட்டுகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் வசதியானவர்கள். காகிதம், மை, இறகுப் பேனா, ஓய்வு நேரம், படிப்பு எல்லாம் உள்ளவர்கள். புத்தகம் வாங்க முடியாமல் அவர்கள் எழுதவில்லை. என் கருத்து இதுதான்: ஒரு கவிதை யார் கையில் போய்ச் சேரவேண்டும், யார் கையில் சேரக்கூடாது என்பதை எழுதியவரே முடிவு செய்ய அன்று இருந்த வழி கைப்பிரதி. அச்சுக்கு அந்த வசதி கிடையாது. காசு கொடுத்தவன் எவனும் வாங்கலாம். அச்சகங்கள் பெருகப் பெருக அந்த வசதியின் தேவையும் கூடத்தான் செய்தது.

கிரேயின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் கவிதையை முடித்து 1750 ஜூனில் நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு அனுப்புகிறார். வால்போலுக்கு அது பிடித்துப்போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். ஒருவர் படி எடுக்க, அவரிடமிருந்து இன்னொருவர் எடுக்க, எட்டு மாதம் கவிதை கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1751 பிப்ரவரியில் கிரேக்கு ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வருகிறது: உங்கள் கவிதை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது, உடனே அச்சிடப்போகிறோம், பெரிய மனது பண்ணுங்கள். அனுமதி கேட்கும் கடிதம்கூட இல்லை, தகவல் சொல்லும் கடிதம். கிரே பதறிப்போய் பிப்ரவரி 11 அன்று வால்போலுக்கு எழுதுகிறார். பதிப்பாளர் டாட்ஸ்லியிடம் சொல்லி உடனே அச்சிடவேண்டும், பெயர் போடக்கூடாது, நல்ல தாளில் வரவேண்டும், பத்திகளுக்கு நடுவே இடைவெளி விடக்கூடாது, தற்செயலாகக் கைக்கு வந்தது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். பதற்றத்திலும் வரி இடைவெளியை மறக்காத ஆள்! 15-ஆம் தேதி புத்தகம் வந்துவிட்டது. நாலே நாள். மறுநாள் பத்திரிகையும் அதே கவிதையை வெளியிட்டது, கிரேயின் பெயரோடு.

இதே கிரே தன் கையாலேயே எழுதிவந்த குறிப்பேடுகள் கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியில் மூன்று பெரிய தொகுதிகளாக இருக்கின்றன. இரங்கற்பாவின் ஒரு பிரதி அதிலும் உண்டு. ஊரே படிக்கும் கவிதையானபிறகும், அவருக்கென்று அவர் எழுதிவைத்த பிரதி அதுதான்.

கிரேயாவது ஆண், தப்பித்தார். லேடி மேரி வோர்ட்லி மாண்டேகு நிலைமை இன்னும் சிக்கல். பிரபு குடும்பத்துப் பெண் கவிதை எழுதலாம், நண்பர்களுக்குப் படித்துக் காட்டலாம். அச்சுப் போட்டு விற்பது குடும்பத்துக்கு இழுக்கு. அரசவையைக் கிண்டல் செய்து அவர் எழுதிய பாட்டுகள் கைப்பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. 1716-இல் எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளருக்கு எப்படியோ ஒரு பிரதி கிடைத்து, மூன்று பாட்டுகளை அச்சிட்டுவிட்டார். எழுதியவர் போப்பாக இருக்கலாம், இன்னொருவராக இருக்கலாம், ஒரு உயர்குலப் பெண்மணியாகவும் இருக்கலாம் என்று நூலிலேயே கிசுகிசு வேறு. போப் என்ன செய்தார் தெரியுமா? கர்லை ஒரு மதுக்கடையில் சந்தித்து, அவர் குடிக்கிற பானத்தில் வாந்தி மருந்தைக் கலந்துவிட்டார். செய்ததோடு நிற்காமல், கர்ல் பட்ட பாட்டை விவரித்து ஒரு துண்டுப் பிரசுரமும் வெளியிட்டார். போப்பின் கவித்துவத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம், ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

லேடி மேரி தன் கவிதைகளை எழுதிவைத்த ஒரு நோட்டில் அவரே ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்: இதிலுள்ள செய்யுளும் உரைநடையும் நான் எழுதியவை, வேறு யாருடைய ஒரு வரி உதவியும் இல்லை. கீழே கையெழுத்து. அச்சுப் புத்தகத்தின் முதல் பக்கம் செய்கிற வேலையை அங்கே அந்தக் குறிப்பு செய்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அச்சில் இல்லாதது இந்த நோட்டுகளில் உண்டா? உண்டு, நிறையவே. இதற்கு இங்கிலாந்தைவிட அமெரிக்கக் காலனிகளில், குறிப்பாக பிலடெல்பியாவில், நல்ல உதாரணம் இருக்கிறது.

மில்கா மார்த்தா மூர் என்ற குவேக்கர் பெண். குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. 1740-இல் மதேரா தீவில் பிறந்தவர். தந்தைக்கு அங்கே ஒயின் வியாபாரம். 1767-இல் தன் உறவினரான சார்ல்ஸ் மூர் என்ற மருத்துவரைத் திருமணம் செய்தார். இருவரும் கசின்கள். நம்மூரில் பத்திரிகை அடித்துச் சொந்தபந்தத்தைக் கூட்டிச் செய்யும் கல்யாணம். குவேக்கர் சபையோ அதற்காக அவர்களை நீக்கியே விட்டது. அந்தக் காலகட்டத்தை ஒட்டி அவர் எழுதிச் சேர்த்த நோட்டுதான் இன்று ஹேவர்ஃபோர்ட் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. மேலே "மார்த்தா மூரின் புத்தகம்" என்று தலைப்பு. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள். அச்சில் வந்த எவரையும்விட அதிகம் இடம்பெறுகிறவர்கள் அவருடைய வட்டத்துப் பெண்கள்: ஹன்னா கிரிஃபித்ஸ், சூசன்னா ரைட், எலிசபெத் கிரேம் ஃபெர்கஸன். சபை கதவைச் சாத்தியபிறகும் தோழிகள் பாட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த நோட்டு அவருக்குச் சபைக்கு வெளியே ஒரு சபையாக இருந்தது என்பது என் ஊகம்.

கிரிஃபித்ஸ் 1768-இல் எழுதிய ஒரு பாட்டு அதில் உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலை, காகிதம், கண்ணாடி, சாயம் என்று பலதுக்கும் வரி போட்ட சமயம். பாட்டு ஆண்களை வாருவதில் ஆரம்பிக்கிறது: ஒரு மிட்டாயைக் காட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஆகவே பெண்களே, நீங்கள் வாருங்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை. வேண்டாம் என்று மறுக்கிற குரல் மட்டும்தான் உண்டு, அதைப் பயன்படுத்துவோம். வியாபாரிகளே, கிடங்கு நிறைய இறக்குமதி செய்துகொள்ளுங்கள், வாங்க ஆள் வராமல் போகட்டும். தாகம் எடுத்தாலும் பரவாயில்லை, டீயை விடுவோம், விடுதலையை விடமாட்டோம். நல்ல துள்ளல் நடை, வீட்டுக்கூடத்தில் நாலு பேர் நடுவே வாசித்தால் சிரிப்பு வரும்.

அதே நோட்டில், அதே கிரிஃபித்ஸ், 1777-இல் தாமஸ் பெய்னைப் போட்டுத் தாக்குகிறார். அமெரிக்க விடுதலைக்கு ஊரையே திரட்டிய எழுத்தாளர் பெய்ன். உன் நாக்கு இப்போது வழுக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் நான் பார்த்ததிலேயே துணிச்சலான புளுகன் நீதான், இனி ஒருவனைப் பார்க்கவும் விருப்பமில்லை என்கிறார். வரிக்கு எதிராக டீயை விடச் சொன்னவர், ஒன்பது வருடம் கழித்துப் போருக்கும் பிரிவினைக்கும் எதிராக நிற்கிறார். குவேக்கர்கள் எந்தப் போரையும் ஏற்காதவர்கள், அதனால் இதில் முரண்பாடு கிடையாது. ஆனால் 1777-இல் பிலடெல்பியாவில் இதை அச்சில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வருடம் புரட்சித் தரப்பின் அதிகாரிகள் குவேக்கர் தலைவர்கள் சிலரைப் பிடித்து வர்ஜீனியாவுக்கு நாடுகடத்தினார்கள். நோட்டில் இருந்ததால் அந்தப் பாட்டுக்கு வாசகர்களும் கிடைத்தார்கள், எழுதியவருக்கு ஆபத்தும் வரவில்லை.

இன்னொருவர் சூசன்னா ரைட். பிலடெல்பியாவிலிருந்து தள்ளி, சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வாழ்ந்தவர், பட்டுப்பூச்சி வளர்த்தவர், பெஞ்சமின் ஃபிராங்ளினுக்குத் தோழி. மணம் செய்துகொள்ளாத தோழி ஒருவருக்கு அவர் எழுதிய கவிதைக் கடிதத்தில், ஆண் பெண்ணை ஆளவேண்டும் என்ற சட்டம் எப்போது, எங்கே போடப்பட்டது என்று கேட்கிறார். அவர் வாழ்நாளில் இது அச்சேறவில்லை. கையால் எடுத்த பிரதியால்தான் பிழைத்தது. மூரின் நோட்டில் இருக்கும் அவருடைய மற்ற கவிதைகளும் அப்படியே. ஃபெர்கஸன் 1764-65-இல் இங்கிலாந்து போய்வந்தபோது எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளைக்கூட மூர் படி எடுத்து வைத்திருக்கிறார். மூலம் கிடைக்கவில்லை, இந்தப் பிரதிதான் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால் மூர் அச்சுக்கு விரோதி கிடையாது. 1787-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பாடத்தொகுப்பை அவரே அச்சிட்டார், ஃபிராங்ளின் பாராட்டினார். பிறகு பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியும் நடத்தினார். ஆக, எதை அச்சில் போடுவது, எதை நோட்டில் வைப்பது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நீதிபோதனை ஊருக்கு, பெய்னைத் திட்டியது தோழிகளுக்கு.

நோட்டுகளின் உருவத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிடித்ததை எழுதிக்கொண்டே போனால் ஐம்பதாவது பக்கத்துக்குமேல் எதையும் தேடி எடுக்க முடியாது. தத்துவவாதி ஜான் லாக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1686-இல் பிரெஞ்சில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் 1706-இல், அவர் இறந்தபிறகு வந்தது. நோட்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கம் அட்டவணைக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம், அதற்குள் ஐந்து உயிரெழுத்துக்கு ஐந்து வரி. மரணம் பற்றி ஒரு கவிதை எழுதினால், 'டெத்' என்ற சொல்லின் முதல் எழுத்து டி, அடுத்து வரும் உயிர் ஈ. டி கட்டத்தில் ஈ வரியில் பக்க எண்ணைப் போடவேண்டும். அவ்வளவுதான். இது எவ்வளவு பரவியது என்றால், 1770-இல் ஜான் பெல் என்ற லண்டன் பதிப்பாளர் லாக்கின் அட்டவணையை முன்னால் அச்சிட்டு, பின்னால் வெறும் கோடு போட்ட தாள்களைச் சேர்த்து விற்றார். அச்சகக்காரர் எழுதாத புத்தகத்தை விற்றுக் காசு பார்க்கிற அளவுக்குக் கையெழுத்து நோட்டுக்கு அன்று கிராக்கி. ஆனால் நான் பார்த்தவரை, கவிதைகளைச் சேர்த்தவர்கள் லாக்கை அவ்வளவாகச் சட்டை செய்ததில்லை. கைக்கு வந்த வரிசையில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

உங்கள் அக்காவின் நோட்டு இனி. வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால், செய்கையில் பெரிதாக இல்லை. இரண்டு பேரும் தேர்ந்தெடுக்கிறார்கள், தம் கையால் எழுதித் தமதாக்கிக்கொள்கிறார்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் அக்கா நோட்டைத் தொலைத்துவிட்டாலும் அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட உலகத்திலிருந்து போய்விடாது. வானொலியில் கேட்கலாம், யூடியூபில் கேட்கலாம். பிலடெல்பியா நோட்டு தொலைந்திருந்தால் சூசன்னா ரைட்டின் கணிசமான கவிதைகளும் கூடவே போயிருக்கும்.

இது வெறும் பேச்சு இல்லை, நடந்தே இருக்கிறது. ஃபிலிஸ் வீட்லியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து 1761-இல் ஏழெட்டு வயதில் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து அடிமையாக விற்கப்பட்ட பெண். பதின்வயதிலேயே அவர் எழுதிய கவிதைகள் கைப்பிரதியாகச் சுற்றின. பாஸ்டனில் அவர் நூலை அச்சிட வழி பிறக்காமல், 1773-இல் லண்டனில் வந்தது. ஒரு கறுப்பினப் பெண் இதை எழுதியிருக்க முடியும் என்று பாஸ்டன் பெரியமனிதர்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுக்கவேண்டியிருந்தது. அந்தச் சான்றையும் சேர்த்து அச்சிட்டார்கள். விடுதலை பெற்று, மணமாகி, 1779-இல் இரண்டாவது நூலுக்கு அறிவிப்புக் கொடுத்தார்: 33 கவிதைகள், 13 கடிதங்கள். முன்பணம் கட்டுகிறவர்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. 1784-இல் வறுமையில் இறந்தார். கைப்பிரதி இன்றுவரை அகப்படவில்லை.

ஆனால் 2023-இல் வேறொன்று அகப்பட்டது. மேரி பவல் பாட்ஸ் என்ற பிலடெல்பியாக் குவேக்கர் சிறுமி 1780-களில் எழுதிவைத்த நோட்டு, பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அதில் லவ் ராட்ச் என்ற நான்டக்கெட் தீவுப் பெண்மணியின் 1767 மரணத்துக்கு ஓர் இரங்கற்பா. எழுதியவர் பெயர் இல்லை. பதினைந்து வயதுள்ள நீக்ரோச் சிறுமி ஒருத்தி எழுதியது என்று மட்டும் குறிப்பு. வெண்டி ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர் இது வீட்லியுடையது என்று வாதிட்டார். காலம் பொருந்துகிறது, வயது ஏறக்குறையப் பொருந்துகிறது. வீட்லியின் பெயரில் முதன்முதலில் அச்சில் வந்த கவிதையும் அதே 1767-இல், அதே தீவுக்காரர்கள் இருவர் புயலில் தப்பியதைப் பற்றியதுதான். எனக்கு அவர் வாதம் நம்பும்படி இருக்கிறது. பாஸ்டனில் ஓர் அடிமைப் பெண் எழுதிய பாட்டு, குவேக்கர் குடும்பங்களின் கைகள் வழியாகவே பிலடெல்பியாவுக்கு வந்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு சிறுமியின் நோட்டில் ஏறியிருக்கிறது. அந்தச் சிறுமி 1787-இல் பதின்வயதிலேயே இறந்துவிட்டாள்.

இன்னொரு துணுக்கு: இந்த ராட்ச் குடும்பத்துக்குச் சொந்தமான டார்ட்மத் என்ற கப்பல்தான் 1773-இல் வீட்லியின் அச்சுப் புத்தகங்களை லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு ஏற்றிவந்தது. கூடவே அதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள். அவை துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். புத்தகங்கள் தப்பின.

இலக்கியமா என்ற கடைசிக் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலானவை சுமார் ரகம். இறந்த குழந்தைக்குப் புலம்பல், நாய்க்குக் கல்லறை வாசகம், விடுகதை, நட்பின் பெருமை, மறுபடியும் ஒரு புலம்பல். இன்பத்துக்காக நான் இவற்றைப் படிக்கமாட்டேன். கிரிஃபித்ஸின் அரசியல் பாட்டுகளையும் ரைட்டையும் படிப்பேன். ஆனால் நல்லதை மட்டும் பொறுக்கி மிச்சத்தை ஒதுக்கினால், ஒரு காலத்தில் சாதாரண வாசகர்கள் எதை விரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப்போகும். அச்சில் பத்துப் பதிப்பு வந்த கவிதையை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கணக்குச் சொல்லலாம். எத்தனை பேர் உட்கார்ந்து கைவலிக்க எழுதினார்கள் என்பது நோட்டில்தான் தெரியும். நீங்கள் பார்த்த போப் கவிதைகள் அங்கே இருப்பதற்கும் இதுவே விடை. சில நோட்டுகளில் அவரது வரிகளில் பெயரை மாற்றி, இரண்டு அடியை வெட்டி, ஒரு அடியைச் சொந்தமாகச் சேர்த்திருப்பார்கள். போப் பார்த்திருந்தால் வாந்தி மருந்தோடு வந்திருப்பார்.

அந்தப் பக்கங்களை மறுபடி திறந்தால், கவிதையைப் படிக்கும் முன் அதன் அடியிலும் ஓரத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஒரு சீமாட்டி', 'ஃபிடேலியா', 'இன்னாரிடமிருந்து படி எடுத்தது' என்றெல்லாம் இருக்கும். ஃபிடேலியா என்பது கிரிஃபித்ஸின் புனைபெயர். தலைப்பை நம்பவேண்டாம், எழுதுகிறவர்கள் இஷ்டத்துக்கு மாற்றுவார்கள். முதல் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய பதிப்புகளின் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி போடுவார்களே, அதேபோல ஆங்கிலக் கைப்பிரதிக் கவிதைகளுக்கும் முதல் அடி வரிசையில் தேடும் பட்டியல்கள் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்ட்டன் நூலகம் தன் சேகரிப்பிலுள்ள 17, 18-ஆம் நூற்றாண்டுக் கவிதைகளுக்கு அப்படி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அதில் போட்டுப் பாருங்கள். போப்போ வேறு எவரோ என்றால் உடனே தெரிந்துவிடும். எதிலும் சிக்காத அடி ஒன்று அகப்பட்டால், நோட்டு இருக்கும் நூலகத்துக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்